பாத் கட்டப் படலம்: கடாவிடையுடன் ஓர் ஆராய்ச்சி உரை

விண்டோஸ் கணினியில் பைத்தான் மொழியை நிறுவப் புகுவார்க்கு முதலில் தோன்றும் சாளரத்தின் அடியில் இரண்டு சிறு கட்டங்கள் உண்டு. ஒன்றில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். மற்றொன்று காலியாக இருக்கும். அந்தக் காலிக் கட்டமே இவ்வாய்வின் பொருள். பைத்தானின் லூப்பையும் லிஸ்ட்டையும் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதுவோர் இக்கட்டத்துக்கு அரை வரிக்கு மேல் இடம் தருவதில்லை. அந்த அரை வரியில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள் என்பதால், முழு உரை ஒன்று தேவைப்படுகிறது.

முதற்கண் மூலபாடம். "ஆட் பைத்தான் டாட் எக்ஸி டு பாத்" என்பது அண்மைப் பதிப்புகளில் வழங்கும் பாடம். 3.5 பதிப்பின் ஏட்டில் "ஆட் பைத்தான் 3.5 டு பாத்" என்று பாடபேதம் காணப்படுகிறது. அதற்கு முந்திய 3.3, 3.4 பதிப்புகளில் கட்டமே கிடையாது. கிளை கிளையாக விரியும் ஒரு பட்டியலின் அடியில், சிவப்புப் பெருக்கல் குறி தாங்கி, பார்த்தவர் தொடவே அஞ்சும்படி இவ்வசதி கிடந்தது. 2.7 வெளிவந்த 2010 வாக்கில் அந்தக் குறிகூட இல்லை. அக்காலத்தார் சி டிரைவில் உள்ள 'பைத்தான்27' கோப்புறையின் பெயரைத் தம் கையாலேயே பாத் என்னும் முகவரி வரிசையில் எழுதிச் சேர்த்தார்கள். எழுதும்போது பழைய வரி முழுவதையும் அழித்துவிட்டு, மற்ற மென்பொருள்களையும் சேர்த்து முடக்கியவர்கள் உண்டு.

இனிச் சாளரத்தின் நில அமைப்பு. இடப்பக்கம் நீலமும் மஞ்சளுமாகப் பின்னிய இரு பாம்புகள். (1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் இம்மொழியைத் தொடங்கிய கீடோ வான் ராசம் மனத்தில் வைத்திருந்தது 'மான்டி பைத்தான்' என்ற பிபிசி நகைச்சுவைத் தொடர். பாம்பு இடைச்செருகல்.) நடுவில் பெரிய எழுத்தில் "இன்ஸ்டால் நவ்". அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் நீண்ட முகவரி. அதற்கும் கீழே "கஸ்டமைஸ்". எல்லாவற்றுக்கும் அடியில் நம் கட்டங்கள். கண் மேலிருந்து இறங்கி வருவதற்குள் கை முந்திக்கொண்டு இன்ஸ்டால் நவ்வை அழுத்திவிடும். கண் எப்படியோ அடிவரை வந்தாலும், முதல் கட்டத்தில் டிக் இருப்பதைக் கண்டு, 'எல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டார்கள்' என்று திரும்பிவிடும். டிக் போடாமைக்குச் சோம்பல் காரணம் என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. பக்கத்துக் கட்டத்து டிக்கின்மேல் வைத்த நம்பிக்கையே காரணம் என்க.

சற்று நேரத்தில் "செட்டப் வாஸ் சக்சஸ்ஃபுல்" என்ற மங்கல வாக்கியம் வரும். பயனர் மகிழ்ந்து, கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, பைத்தான் என்று தட்டி என்டர் அழுத்துவார். அப்போது பிறப்பதே நம் சூத்திரம்:

"'பைத்தான்' இஸ் நாட் ரெகக்னைஸ்டு ஆஸ் ஆன் இன்டர்னல் ஆர் எக்ஸ்டர்னல் கமாண்ட், ஆப்பரபிள் புரோகிராம் ஆர் பேட்ச் ஃபைல்."

இச்சூத்திரம் என் நுதலிற்றோவெனின், விண்டோஸ் தன் பொருளிலக்கணத்தை உணர்த்துதல் நுதலிற்று. கட்டளை இருவகைப்படும்: அகம், புறம். டிர், சிடி, காப்பி, சிஎல்எஸ் முதலியன அகம். இவை கமாண்ட் பிராம்ப்டின் உள்ளேயே உறைவன, தனிக்கோப்பு இல்லாதன. பிங், நோட்பேட் முதலியன புறம். வட்டில் எங்கோ தனிக்கோப்பாக இருந்து, அழைத்தால் வருவன. பைத்தான் அகத்திலும் இல்லை, புறத்திலும் இல்லை என்று சூத்திரம் கைவிரிக்கிறது. டாஸ் காலத்துச் சூத்திரம் "பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்" என்ற அளவில் நின்றது. பின்வந்தது நீண்டதே தவிரத் தெளிவடையவில்லை.

அற்றேல், நிறுவியது வெற்றி என்று கணினியே சொல்லிற்றன்றோ, இப்போது தெரியாது என்பது என்னை எனின், இரண்டும் மெய்யே. பைத்தான் வந்து குடியேறியது உண்மை. ரேஷன் கார்டில் பெயர் ஏறவில்லை, அவ்வளவே. குடியேறிய இடமோ யூசர்ஸ், பயனர் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், புரோகிராம்ஸ் என்று போய், அதற்கும் உள்ளே. இதில் ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை. ஃபைல் எக்ஸ்புளோரரில் சாதாரணமாகக் கண்ணில் படாது.

பாத் என்பது 1983இல் எம்எஸ்-டாஸ் 2.0 கோப்புறைகளை அறிமுகம் செய்தபோது உடன் வந்தது. கோப்புறைகளின் முகவரிகளை அரைப்புள்ளி இட்டுத் தொடுத்த ஒரு மாலை அது. பெயர் ஒன்றைத் தட்டினால், கமாண்ட் பிராம்ப்ட் முதலில் அகத்தில் தேடும். பிறகு தான் நிற்கும் கோப்புறையில் தேடும். அதன்பின் பாத்தில் உள்ள முகவரிகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கும். முதலில் எது கிடைக்கிறதோ அதோடு நின்றுவிடும். இரண்டாவது கிடைப்பது மேலானதா என்ற ஆராய்ச்சி அதற்குக் கிடையாது.

அருகில் இருப்பதே வெல்லும் என்ற இவ்விதி பைத்தானுக்கு உள்ளேயும் செல்லும். ஆமையை ஓட்டிப் படம் வரையும் 'டர்டில்' என்ற பகுதியைக் கற்கும் மாணவர், தம் கோப்புக்கும் ஆசையாக டர்டில் என்றே பெயர் வைப்பார். ஓடவிட்டதும், 'இம்போர்ட் டர்டில்' என்ற வரி உண்மை ஆமையைத் தேடிப் போகாமல், பக்கத்தில் இருக்கும் மாணவரின் கோப்பையே எடுத்துக்கொள்ளும். கோப்பு தன்னைத்தானே அழைத்து, சர்க்குலர் இம்போர்ட் என்று முனகிக்கொண்டு விழும். 3.13 பதிப்புதான் இரக்கப்பட்டு, 'கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள்' என்ற பொருள்படச் சொல்லத் தொடங்கியது. அதுவரை மாணவர் தம் நிரலில் இல்லாத பிழையை இரவெல்லாம் தேடினர்.

இனி இடைச்சங்கம். 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்போடு, பைத்தான் நிறுவாத கணினியிலும் பைத்தான் டாட் எக்ஸி என்ற கோப்பு ஒன்று தோன்றிற்று. அது விண்டோஸ்ஆப்ஸ் என்ற கோப்புறையில் இருக்கும். அதன் அளவு சுழியம் பைட். ஆம், சுழியம். பெயர் உண்டு, உருவம் இல்லை. ஆனால் பாத்தில் இடம் உண்டு. பைத்தான் என்று தட்டியதும் இது எழுந்து, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் கடையைத் திறந்து காட்டும். இரண்டு நிமிடத்துக்கு முன் இறக்கி நிறுவியதையே கடை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்லும்போது பயனர் கொள்ளும் மெய்ப்பாடு மருட்கையா வெகுளியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மெய்யான பைத்தான் பாத்தில் ஏறாமல் மறைவில் கிடக்க, சுழியம் பைட் போலி முறைப்படி ஏறி அமர்ந்திருப்பதை இவ்வாய்வு அழுத்தமாகக் குறித்துக்கொள்கிறது. செட்டிங்ஸில் 'ஆப் எக்ஸிகியூஷன் அலையஸ்' என்று தேடி, அங்கே பைத்தான் பெயருக்கு எதிரே உள்ள பொத்தானை அணைத்தால் போலி ஒதுங்கும்.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் உண்டு. அங்கே பைத்தானோடு கூடவே வரும் ஐடில் வழியாகவே பழகுவதால் நோய் வெளியே தெரியாது; ஐடில் ஸ்டார்ட் மெனுவில் இருந்து நேரே திறப்பது, பாத்தை எதிர்பாராதது. கல்லூரிக்குப் போய், ஏதோ ஒரு பகுதியை நிறுவ 'பிப் இன்ஸ்டால்' என்று தட்டும் நாளில்தான் நம் சூத்திரம் எழுந்து நிற்கும். அன்றிரவு நிகழும் தொலைபேசி உரையாடல், ஊர்தோறும் சிறு மாற்றங்களுடன் இவ்வாறு அமையும்:

"தம்பி, டிக் போட்டியா?"

"எந்த டிக்குண்ணா?"

"கீழ ரெண்டு கட்டம் இருந்துச்சுல்ல?"

"ஒண்ணுல டிக் இருந்துச்சுண்ணா."

"அது இல்லடா, இன்னொண்ணு."

"அதான் இன்ஸ்டால் ஆயிடுச்சேண்ணா?"

"சரி, அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடு."

அண்ணன் கூற்று வழூஉ. அதே நிறுவியை மறுபடி திறந்தால் 'மாடிஃபை' என்று வரும். அதனுள் இரண்டாம் பக்கத்தில் "ஆட் பைத்தான் டு என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதே கட்டம்தான், முன்பக்கத்தில் ஒரு பெயர், உள்ளே வேறு பெயர். இதில் டிக் இட்டால் போதும், அன்இன்ஸ்டால் வேண்டா. ஆயினும் டிக் இட்டபின் திறந்தே இருக்கும் கறுப்புச் சாளரத்தில் தட்டிப் பார்த்து, 'இன்னும் வரலண்ணா' என்பது அடுத்த கட்டம். ஒரு சாளரம் பிறக்கும்போது எந்தப் பாத்தைப் பெற்றதோ அதையே மூடும்வரை வைத்திருக்கும். நடுவில் நேர்ந்த மாற்றம் அதற்குத் தெரியாது. மூடிப் புதிதாகத் திறக்க வேண்டும். சிலர் கணினியையே ரீஸ்டார்ட் செய்து, அதனால்தான் சரியாயிற்று என்று நம்பி, அடுத்த தலைமுறைக்கும் அதையே போதிப்பர்.

இத்தனை இடர் தரும் கட்டத்தை ஆக்கியோர் ஏன் காலியாக விட்டார் எனின், காரணம் உண்டு. ஒரே கணினியில் பைத்தான் இரண்டு மூன்று இருக்கலாம். வேறு மென்பொருள்கள் தமக்கென ஒன்றைக் கூடவே கொண்டு வருவதும் வழக்கம். நிறுவி தன் முகவரியைப் பாத்தின் முன்வரிசையில் வைக்கும். முதலில் கிடைப்பதே வெல்லும் என்ற விதிப்படி, புதியது பழையதை மறைத்துவிடும். நேற்றுவரை ஓடிய நிரல் இன்று வேறு பைத்தானிடம் போய் நிற்கும். ஆகவே கேளாமல் பாத்தைத் தொடுதல் முறையன்று என்று விட்டார்கள். இரண்டு பைத்தான் வைத்திருப்பவரைக் காக்க, ஒன்றுகூட இல்லாதவரைத் தெருவில் நிறுத்திய ஏற்பாடு இது என்பதே நம் துணிபு.

இங்கே ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டும். டிக் ஏற்கெனவே விழுந்திருந்த அந்த முதல் கட்டத்தை யாரும் படிப்பதில்லை. அது 'பை' என்ற சிறு ஏவியைப் பற்றியது. 2012இல் வந்த 3.3 பதிப்பு முதல் விண்டோஸ் நிறுவியோடு அதுவும் வருகிறது. எல்லாப் பயனருக்குமாக நிறுவினால் அது விண்டோஸ் கோப்புறையிலேயே போய் அமரும். அக்கோப்புறை என்றும் பாத்தில் இருப்பது. ஆகவே இரண்டாம் கட்டத்தில் டிக் இடாதவரும் 'பை' என்று இரண்டே எழுத்தைத் தட்டினால் பைத்தான் வந்து நிற்கும். பிப் வேண்டின் 'பை', இடைவெளி, கோடு எம், இடைவெளி, 'பிப்' என்று தட்டுக. மருந்து முதல் கட்டத்தில் இருக்க, நோயை இரண்டாம் கட்டத்தில் வைத்து, இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியவர் நகைச்சுவை அறிந்தவராகவே இருத்தல் வேண்டும்.

2025 முதல் பைத்தான் இன்ஸ்டால் மேனேஜர் என்ற புது நிறுவி வழக்குக்கு வந்துவிட்டது. 3.16 தொடங்கிப் பழைய நிறுவி வெளிவராது என்று பைத்தான் ஆவணங்கள் அறிவித்துவிட்டன. அதோடு இக்கட்டமும் மறையும். அதற்குள் 3.15 வரையிலான பதிப்புகளைப் பழைய நிறுவியால் நிறுவப் போகிறவர்கள், இன்ஸ்டால் நவ் அழுத்துமுன் சாளரத்தின் அடியைப் பார்த்து இரண்டாவது கட்டத்திலும் டிக் போட்டுக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால், அண்ணனைக் கூப்பிடுமுன் ஒரு தரம் 'பை' என்று தட்டிப் பாருங்கள்.