வாக்குத்தத்த அட்டையும் பனங்கெழங்கும்

வாலே பேராண்டி, உக்காரு. கெழங்கு வெந்தாச்சு, நார உரிச்சுத் தின்னு. அந்தப் போன மொதல்ல கீழ வையி. ராத்திரி வருசப் பிறப்பு ஆராதனையில எடுத்த வாக்குத்தத்த வசன அட்டைய அதுக்குள்ள ஸ்டேட்டஸ்ல ஏத்தியாச்சோ? ஏத்து, ஏத்து. பரலோகத்துலயும் நெட்டு நல்லாத்தான் கிடைக்குமாம்.

முப்பது வருசம் உபதேசியாரா அலஞ்சவன் நான். அட்டைத் தட்ட ஏந்திக்கிட்டு நின்னிருக்கேன். உங்க அத்தை இருக்காள்லா, ஒரு வருசம் மூணு அட்ட எடுத்து, வாசிச்சுப் பாத்து, பிடிச்சத வச்சிக்கிட்டு ரெண்டத் திருப்பிப் போட்டா. ஆண்டவருக்கே மூணு சான்ஸ் குடுத்தவ அவ. அவளுக்கு அந்தச் சிரமம் எதுக்குன்னுதான் எனக்கு விளங்கல. தட்டுல கிடக்கது பூராவும் சீனிதான. சகேயு நாலு மடங்கு திருப்பிக் குடுத்த கணக்கு எந்த அட்டையிலயாவது வந்திருக்கா? பத்துக் கட்டளையில ஒண்ணு? அச்சடிச்சா ஒருத்தனும் வாங்க மாட்டான்னு அச்சாபீஸ்காரனுக்குத் தெரியும்.

வசனம் எடுக்க இன்னொரு ஊரு கதையச் சொல்லுதேன் கேளு. ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்னு ஒரு சின்ன ஊரு. 1728-ல சின்சென்டார்ஃப் பிரபு ஒரு வசனத்தச் சொல்ல, அத வீடு வீடா ஆளு போயிச் சொல்லுத வழக்கம் வந்துச்சு. 1731-லேருந்து புஸ்தகமாவே போடுதாவ. இன்னைக்கும் சீட்டுப் போட்டுத்தான் வசனம் எடுக்காவ. வீட்டுக்குப் போனவன் வசனத்த மட்டுமா சொல்லிட்டு வந்திருப்பான்? யாருக்குக் காச்சல், எங்க அடுப்பு எரியலன்னும் பாத்திருப்பான்லா. நீ இருநூறு பேருக்குத் தட்டி விடுத. ஒரு வீட்டு நடைய மிதிச்சியால?

சரி, உனக்கு என்ன வந்திருக்கு, காட்டு. எரேமியா 29:11! 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' அடி சக்க, பாதி ஊருக்கு இதான். போன வருசமும் உனக்கு இதான வந்துச்சு? அத நம்பித்தான கார் எடுத்த. பின்கண்ணாடியில 'கர்த்தர் தந்தது'ன்னு எழுதியிருக்க. தந்தது அவரு, மாசாமாசம் தவண வாங்குதது பேங்கு.

அது எரேமியா யாருக்கு எழுதின லெட்டர்னு தெரியுமால? நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குப் பிடிச்சிட்டுப் போன சனத்துக்கு. உன் வசனத்துக்கு ஒரு வசனம் மேல பாரு. எழுபது வருசம் ஆகும்னு போட்டிருக்கு. லெட்டர வாசிச்ச பெருசுக முக்காவாசி அதுக்குள்ள மண்ணுக்குள்ள போயிருக்கும். முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தன், ரெண்டே வருசத்துல எல்லாம் திரும்பி வந்துரும்னு அடிச்சு விடுதான். கூட்டம் யாருக்குச் சேந்திருக்கும்னு நெனைக்க? அனனியா இன்னைக்கு இருந்தா டிவியில தினம் அரைமணி நேரம் அவனுக்குத்தான். எரேமியாவுக்குக் கிடைச்சது தண்ணியில்லாத கெணறும் கழுத்தளவு வசவும்.

இன்னும் கொஞ்சம் மேல போ. வீட்டக் கட்டி, தோட்டத்தப் போட்டு, பிள்ளைகளுக்குக் கலியாணத்தையும் முடிச்சு அங்கனயே இருங்க, பிடிச்சிட்டுப் போனவன் ஊரு நல்லாருக்கச் செபம் பண்ணுங்கன்னு எழுதுதாரு. அட்டையில இடம் பத்தலயாக்கும், இத மட்டும் விட்டுட்டாவ. நீ சோழிங்கநல்லூர்ல அஞ்சு வருசமா இருக்க. எதுத்த வீட்டுக்காரன் பேரென்ன? முழிக்க பாரு. லிஃப்டுல பாத்தா சிரிப்பியோ? அதுவரைக்கும் சந்தோசம்.

கோவிச்சுக்காத, இன்னொரு கெழங்கு எடு. பனைய வச்சவன் பாத்துட்டுச் சாவான்னு நம்மூர்ல சொல்லுவாவல்லா? பாள விட பதினஞ்சு இருவது வருசம் ஆயிரும். எங்க தாத்தா வச்ச பனையில ஏறித்தான் எங்கப்பா என்னப் படிக்க வச்சாரு. தாத்தாவுக்கு ஒரு அட்டையும் வரல. கொட்ட மட்டும் கிடச்சுது, வச்சாரு.

கெழங்குப் பாத்தியில தென்மூலையில நாலஞ்ச மட்டும் பிடுங்காம விட்டிருக்கேன். உங்க அத்தைகிட்டயும் சொல்லி வையி. மூணு எடுத்துப் பாத்துட்டு ரெண்டத் திருப்பி வைக்க அது அட்ட இல்ல.