கோழைகளின் கோல்ஃப்

கோல்ஃப் மைதானத்தில் கஷ்டமான குழியை எப்படி ஆடுவது என்று யாராவது கேட்டால், கோழையாக ஆடுங்கள் என்பேன். கொடி இருக்கும் பக்கம் திரும்பியே பார்க்கக் கூடாது. குட்டைக்கும் மணல் பள்ளத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, புல்வெளி எங்கே அகலமாக இருக்கிறதோ அங்கே பந்தைத் தட்டிவிட்டு நடையைக் கட்ட வேண்டும்.

எங்கள் கோஷ்டிக்கு இது பிடிக்காது. குட்டை குறுக்கிடும் குழிக்கு வந்ததும் எல்லோரும் புதுப் பந்தைப் பத்திரமாகப் பையில் போட்டுவிட்டுக் கீறல் விழுந்த கிழட்டுப் பந்தை வெளியே எடுப்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே தண்ணீரைத் தாண்டி அடிக்கப் போவதாக வீரம் பேசுவார்கள். நம்பிக்கை இருந்தால் புதுப் பந்தாலேயே அடிக்கலாமே! "சார், ஏழாம் நம்பர் அயர்ன் போதும், குட்டைக்கு முன்னாடி போட்டுக்கலாம்" என்பார் பை தூக்கி வரும் கேடி. வருஷக்கணக்காக அந்தக் குட்டையில் பந்து பொறுக்கியவர் சொல்கிறார். சார்கள் கேட்டால்தானே?

பெரிய கைகள் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அமெரிக்காவின் அகஸ்டாவில் 12ஆவது குழி வெறும் 155 கஜம். முன்னால் ரேஸ் க்ரீக் ஓடை, மேலே நிலையில்லாத காற்று. 2019 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில், முன்னணியில் இருந்த மோலினாரியின் பந்து அந்த ஓடையில் விழுந்தது. டைகர் வுட்ஸ் கொடியைச் சட்டை செய்யாமல் இடப்பக்கமாகப் பத்திரமாக அடித்தார். ஜெயித்தவருக்குப் போர்த்தும் பச்சைக் கோட்டும் அவருக்கே கிடைத்தது. என் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம் என்று பூரித்திருந்தேன். அடுத்த ஆண்டே அதே குழியில் காற்றைத் தப்பாகக் கணித்து, மூன்று பந்துகளை ஓடைக்குத் தானம் செய்து, 10 அடியில் முடித்து என் மானத்தை வாங்கினார்.

ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில், 1999 ஓபன் போட்டியின் கடைசிக் குழிக்கு மூன்று அடி முன்னிலையோடு வந்தார் பிரான்ஸின் ழான் வான் டி வெல்ட். ஆறு அடியில் முடித்தாலும் கோப்பை அவருக்குத்தான். மனிதர் டிரைவர் மட்டையை உருவினார். அடுத்த பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பியது. அதற்கடுத்தது பாரி ஓடையில் விழுந்தது. ஷூவைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, நாற்று நட வந்தவர் மாதிரி தண்ணீரில் இறங்கி நின்றார். முடித்தது ஏழில். பிளேஆஃபில் பால் லாரி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஃபுளோரிடாவின் சாக்ராஸில் 17ஆவது குழியின் கிரீன் ஏறக்குறைய ஒரு தீவு. நல்ல மணல் கிடைத்ததென்று சுற்றிலும் தோண்டித் தீர்த்த பள்ளத்தில் தண்ணீர் விட்டுவிடலாமே என்று யோசனை சொன்னவர், வடிவமைப்பாளர் பீட் டையின் மனைவி ஆலிஸ். 137 கஜம்தான். 1985இல் அமெரிக்காவின் ஆக மோசமான கோல்ஃப் பிரியர் யார் என்று ஒரு பத்திரிகை இங்கே போட்டி நடத்தியது. ஆஞ்சலோ ஸ்பாக்னோலோ என்பவர் பந்து மேல் பந்தாகத் தண்ணீருக்குள் அனுப்பினார். கடைசியில் உருட்டு மட்டையை எடுத்து, தீவுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை வழியே பந்தை உருட்டியே கரை சேர்த்தார். மொத்தம் 66 அடி.

முதல் அடியிலிருந்தே உருட்டியிருந்தால் பதினைந்தில் முடிந்திருக்கும். ஆனால் பட்டம் வேறு யாருக்காவது போயிருக்கும்.