புத்தக அலமாரிக்கு வண்ணம் பூசுதலும் அதன் பின்விளைவுகளும்: ஓர் ஆய்வு

புத்தக அலமாரிக்கு வண்ணம் பூசுதல் என்பது, அறைக்கு வெள்ளையடிப்பதைத் தள்ளிப்போடுவதற்காகச் செய்யப்படும் வீட்டுப் பணி. அறை புதுப்பொலிவு பெறும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். உண்மைக் காரணம் பரண்மேல் கிடக்கும் அரை டப்பா எனாமல். அது ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சியது. எனவே அலமாரியின் நிறத்தைத் தீர்மானிப்பது ஜன்னலே.

முதல் கட்டம், காலி செய்தல். நூல்களை இறக்குவது சிறிய வேலைதான். இறக்கியவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவதால் அது பெரிதாகிறது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த பொன்னியின் செல்வனை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த பிரதி ஏதேனும் அகப்பட்டால் அன்றைய பணி அத்தோடு முடிந்தது. இரவல் நூல்கள் வெளிப்படுவதும் இப்போதுதான். முதல் பக்கத்தில் பிறர் பெயரோ, கிளை நூலக முத்திரையோ இருக்கும். அவற்றைக் கண்டெடுத்தவர் சிறிது நேரம் யோசித்து, மறுபடியும் அடுக்கின் நடுவில் செருகிவிடுவது வழக்கம்.

அடுத்தது தேய்த்தல். உப்புத்தாளின் எண் கூடக்கூட அது நைசாகும். 80இல் தொடங்கி 220இல் முடிக்கலாம். இங்கே மட்டும் விளையாட்டுக்கு இடமில்லை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பூச்சை உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூள் பறக்கும். வாட்டர் பேப்பரை நனைத்தே தேய்க்க வேண்டும், குழந்தைகளை அண்டவிடக் கூடாது. பிறகு ஓட்டைகளுக்குப் பட்டி, மரத்துக்கு உட் பிரைமர், இரும்புக்கு ரெட் ஆக்சைடு.

பூசுதல் பற்றி எழுத அதிகமில்லை. காய்தல் பற்றி உண்டு. எனாமல் இரண்டு முறை காய்கிறது. முதலில் டர்பன்டைன் ஆவியாகிப் போகிறது. தொட்டால் விரலில் ஒட்டாது. அதன்பின் எண்ணெய்ப் பிசின் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. இதற்குப் பல நாட்கள் பிடிக்கும்; ஐப்பசி அடைமழையில் இன்னும் இழுக்கும். குடும்பங்கள் முதல் காய்தலையே முழுக் காய்தலாக ஏற்றுக்கொண்டு அன்று மாலையே நூல்களை ஏற்றிவிடுகின்றன. சில மாதம் கழித்து ஒன்றை உருவினால் நூல் கைக்கு வரும், அட்டை பலகையோடு தங்கிவிடும்.

மறு அடுக்கலில் அறிவியல் முற்றிலும் தோற்கிறது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து எண்ணிடும் கோலன் பகுப்புமுறையை 1933இல் வெளியிட்டார். புதிதாகப் பூசிய அலமாரி அறிந்த ஒரே முகம் உயரம். ஆகவே கையடக்கத் திருக்குறளுக்கு அடுத்து வங்கிப் பாஸ்புக் இடம்பெறுகிறது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது ரங்கநாதனின் நான்காம் விதி. அலமாரி அழகாகிவிட்ட வீட்டில் அந்த விதியைக் கேட்பார் இல்லை.

இனி அறை. பிரெஞ்சு எழுத்தாளர் தெனிஸ் திதரோ 1769இல் எழுதிய கட்டுரையொன்றில், புதிய அங்கி ஒன்று வந்ததும் பழைய நாற்காலியும் மேசையும் அதற்குப் பொருந்தாமல் போய், ஒவ்வொன்றாக மாற்ற நேர்ந்ததை எண்ணிப் புலம்பினார். 1988இல் மானிடவியலாளர் கிராண்ட் மெக்கிராக்கன் இதற்குத் 'திதரோ விளைவு' என்று பெயர் சூட்டினார். அலமாரி விஷயத்திலும் நடப்பது இதுவே. அதுவரை யார் கண்ணிலும் படாத சுவர்க் கறை, பளபளக்கும் பலகைக்குப் பக்கத்தில் துலக்கமாகிறது. பிறகு மின்விசிறி இறக்கையின் அழுக்கு. பிறகு திரைச்சீலை. அலமாரி புதிதாகும்போது அறை பழசாகிவிடுகிறது என்பதே ஆய்வின் முடிபு.

எனவே அலமாரிக்குப் பூசலாம் என்ற எண்ணம் எழுந்தவர்கள் சுவருக்கு என்ன கூலி என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது; எப்படியும் பொங்கலுக்குள் அதையும் கொடுக்க வேண்டிவரும்.