செத்த கார்டும் பதில் சொல்லும்

கே: கம்ப்யூட்டருக்குள் ஒரு கார்டு செத்துப்போனால் அதை இயக்கும் டிரைவர் நிரலுக்கு எப்படித் தெரியும்? கார்டே வந்து சொல்லுமா?

ப: செத்த பிறகும் பதில் சொல்லும், அதுதான் ஆபத்து! பிசிஐ பஸ்ஸில் காணாமல்போன கார்டைப் படித்தால் பெரும்பாலும் 32 பிட்டும் 1 என்றே வரும். 'பிஸி' பிட் 0 ஆகட்டும் என்று காத்திருக்கும் டிரைவர் விடிய விடியச் சுற்றும். காத்திருக்கும் ஒவ்வொரு இடத்திலும் காலக்கெடு வையுங்கள். சந்தேகம் வந்தால் வெண்டர் ஐடியைப் படியுங்கள். பதினாறு பிட்டும் 1 ஆன எண் எந்த நிறுவனத்துக்கும் கிடையாது.

கே: பஸ்ஸில் பிழையா? ரீபூட் செய்தால் போயிற்று!

ப: அதே சர்வரில் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவரைக் கேட்டீர்களா? ஐபிஎம் பவர் சர்வர்கள் பிழைபட்ட ஸ்லாட்டை மட்டும் பிரித்து வைக்கும், மற்றவை ஓடும். லினக்ஸில் 2006 முதல், பிழை வந்தால் கெர்னல், டிரைவரையே கேட்கிறது: சமாளிப்பாயா, ரீசெட் வேண்டுமா, கைவிடலாமா? ஒரே பஸ்ஸில் நான்கு டிரைவர் இருந்து, ஒன்று மட்டும் ரீசெட் கேட்டாலும் நான்குக்கும் ரீசெட்தான். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாத டிரைவரை அரைகுறை வேலை என்றே சொல்வேன்.

கே: நான் எழுதிவிட்டேன். பாராட்டுவீர்களா?

ப: ஓட்டிப் பார்த்தீர்களா? நிஜப் பிழை வரும்வரை அந்த வரிகள் ஒருமுறைகூட ஓடாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் பிழையைச் செயற்கையாகப் புகுத்த 'ஏஇஆர் இன்ஜெக்ட்' கருவி இருக்கிறது. புகுத்திப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், மனமாரப் பாராட்டுகிறேன்.