தங்கள் திருவயிற்றுக்கு ஒவ்வாத என் கோப்பு

மாட்சிமை தங்கிய பதிவேற்றப் பக்கத்தின் சமூகத்திற்கு,

நெய்வேலிச் சுரங்கத்தில் பெல்ட் பகுதியில் உழைத்து, ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் குடியிருக்கும் அடியேன் பணிந்து எழுதிக்கொள்வது. தங்கள் திருவயிறு இப்போது எப்படி இருக்கிறது? செவ்வாய்க்கிழமை நான் ஊட்டிய டிஃப் (TIFF) படக் கோப்பை வாயில் வைத்த வேகத்தில் தாங்கள் துப்பியதிலிருந்து எனக்கு அதே கவலைதான். 'கோப்பு வகை செல்லாது' என்று சிவப்பில் வந்தது. பிரவுசிங் சென்டர் பையன், வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "தாத்தா, உங்க ஃபைல் செல்லாதாம். ஒழுங்கா வேற ஏதாவது எடுத்துட்டு வாங்க" என்று அறிவித்தான்.

அது நான் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்த பண்டம் இல்லை. தங்கள் அலுவலகத்தில், தங்கள் ஆட்கள், தங்கள் ஸ்கேனரில் என் பழைய சர்வீஸ் தாள்களை வைத்து எடுத்து, சிடியில் போட்டு, "இதுதான் இனிமே ரெக்கார்டு, பத்திரமா வெச்சுக்குங்க" என்று கொடுத்தது. பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். தங்கள் அடுப்பில் வெந்ததைத் தாங்களே தொட மாட்டீர்கள் என்பது அன்றைக்குத் தெரியாது. (தங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்குச் சோறு போட்ட சுரங்கத்தைச் சொல்லவில்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.)

தங்கள் பத்தியம் எனக்கு இப்போது மனப்பாடம். ஜேபெக் (JPEG) படம் மட்டும். 20 கேபிக்குக் குறையக் கூடாது, 50 கேபியைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் மண்ணை வெட்டும் பெரிய பக்கெட் வீல் சக்கரங்களின் வாளி ஒவ்வொன்றும் 1400 லிட்டர் கொள்ளும். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பது சாதாரண மண் அல்ல, கடலூர் மணற்கல். ஆரம்ப காலத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த சக்கரங்களின் பற்களை அது தேய்த்துத் தீர்த்தது. பல்லை மாற்றினார்கள், பாறைக்கு வெடி வைத்தார்கள். 'மண் வகை செல்லாது, வேறு கொண்டு வா' என்று எந்தச் சக்கரமும் சொல்லி நான் கேட்டதில்லை.

பையன் கெட்டிக்காரன். கோப்பின் பெயரில் டிஃப் என்ற வாலை அழித்துவிட்டு ஜேபிஜி என்று ஒட்டிப் பார்த்தான். தாங்கள் ஏமாறவில்லை, வாழ்க! டிஃப் கோப்பைத் திறந்தால் முதல் இரண்டு எழுத்து 'ஐஐ' அல்லது 'எம்எம்' என்று இருக்கும், இன்டெல், மோட்டோரோலா சிப்புகளின் பெயரால் வந்தவை. அடுத்து 42 என்ற எண். வெளியே என்ன பெயர் ஒட்டினாலும் உள்ளே இது அப்படியே நிற்கும். முதல் கவளத்திலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: இது டிஃப்தான் என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்லத் தெரிந்த நாக்குக்கு, அதை ஜேபெக்காக மாற்றிக்கொள்ள மட்டும் தெரியாதா?

சரி, பழசுதான் ஆகாது போலிருக்கிறது என்று பேரன் தன் ஐபோனில் அந்தத் தாளைப் படம் எடுத்துக் கொடுத்தான். அது ஹெச்.இ.ஐ.சி. வகை, ஆப்பிள்காரர்கள் 2017-ல் ஐபோனில் புகுத்தியது. அதையும் துப்பினீர்கள். டிஃப் 1986-ல் வந்தது, ஜேபெக் தரம் 1992-ல். அதற்கு முந்தியதும் இறங்காது, பிந்தியதும் இறங்காது. ஆதார் அட்டையின் க்யூஆர் கட்டத்துக்குள் இருக்கும் என் முகம்கூட ஜேபெக் 2000 வகைதான், கூகுள் குரோமில் நேராகத் திறக்காது. அரசாங்கமே அத்தாட்சி கொடுத்த அந்த முகத்தைத் தட்டில் வைத்தாலும் தங்களுக்குக் குமட்டும் என்றே நினைக்கிறேன்.

கடைசியில் நானே மாற்றினேன். முதலில் பெயிண்டில் திறந்து ஜேபெக்காகச் சேமித்தால் ஒரே பக்கம் வந்தது, மீதிப் பக்கங்களைக் காணோம். டிஃப் ஒரே கோப்பில் பல பக்கங்களைக் கட்டி வைக்கும். ஜேபெக்குக்கு அந்த வசதி கிடையாது. போஸ்னியாவில் பிறந்த இர்ஃபான் ஸ்கில்யான் என்பவர் 1996 முதல் வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவரும் இர்ஃபான்வியூவைப் பேரன் இறக்கிக் கொடுத்தான். பக்கம் பக்கமாகப் பிரித்துத் தந்தது. எனக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத அந்த மனுஷர் செய்த உதவி அது.

அப்புறம் 50 கேபிக்குள் இறக்க வேண்டுமே. ஜேபெக் படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக நறுக்கி, கண்ணுக்குத் தெரியாது என்று அதற்குத் தோன்றுவதையெல்லாம் தள்ளிவிடும். முகத்துக்கு அது போதும். ரப்பர் ஸ்டாம்புக்கு? வட்ட முத்திரைக்குள் 1983 என்று இருந்தது 1988 மாதிரி நிற்கிறது. ஐந்து வருஷ சர்வீஸ் காலி. தாங்களும் இரண்டே நாளில் பதில் அனுப்பினீர்கள்: 'முத்திரை தெளிவாக இல்லை, நிராகரிக்கப்பட்டது.'

தெளிவாக இருந்தால் பெரிசு, சின்னதாக இருந்தால் தெளிவில்லை. இதற்கு என்னய்யா அர்த்தம்? தங்கள் சர்வரில் இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் வருகிற கோப்பு தானாக மாறிக்கொள்ளும். அதைச் செய்யாமல், கண்புரை ஆபரேஷன் ஆன கிழவனையும், புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைகிற பெண்ணையும் பிரவுசிங் சென்டர் வாசலில் நிறுத்திப் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு அழவைக்கிறீர்கள். உங்கள் வேலையை எங்கள் தலையில் கட்டிவிட்டு அதற்கு டிஜிட்டல் சேவை என்று பெயர் வேறு!

மன்னிக்கவும். குரல் உயர்ந்துவிட்டது, திருவயிறு கலங்கியிருக்கும்.

டிஃப் வைத்துச் சிரமப்படுத்தியதில் தாங்கள் முதல் ஆளும் இல்லை. டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா பழைய தமிழ்ப் புத்தகங்களையும் சேர்த்து ஏராளமான நூல்களைப் பக்கம் பக்கமாக டிஃப்பாகத்தான் வைத்திருந்தது. பிரவுசரில் பார்க்கத் தனியாக ஒரு செருகுநிரல் வேண்டியிருந்தது. படிக்கிற ஆசை உள்ள தன்னார்வலர்கள் அந்தப் பக்கங்களை இறக்கி, பிடிஎஃப்பாகக் கோத்து, இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்றினார்கள். சம்பளம் வாங்காதவர்கள் செய்த காரியம் அது.

ஆகவே சமூகம் அவர்கள் பெரிய மனது பண்ணி, தாங்கள் எடுத்துக் கொடுத்த கோப்பைத் தாங்களே மாற்றிக்கொள்ள வேண்டும். அது முடியாதென்றால் பத்தியத்தை 50 கேபியிலிருந்து 2 எம்பிக்காவது தளர்த்த வேண்டும். அதுவும் முடியாதென்றால் அசல் தாளோடு நேரில் வருகிறேன், ஒரு ஆள் கண்ணால் பார்த்து 1983 என்று எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பந்தியில் இலை கிடைக்காத ஓய்வூதியர்

பின்குறிப்பு: கையெழுத்து கருப்பு மையில் இருக்க வேண்டும் என்று தங்கள் பக்கத்தின் மேல்பகுதியிலும், நீல மையில் இருக்க வேண்டும் என்று கீழ்ப்பகுதியிலும் போட்டிருக்கிறது. இரண்டிலும் போட்டிருக்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளவும்.