வாலுக்கும் வெந்நீர்

நாயைக் குளிப்பாட்ட வாசலில் வெந்நீர்க் குழாய் போடப் போகிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். நீங்களுமா?
– வாசகர், பெரிய முதலியார்சாவடி

நான் ஏன் சிரிக்கிறேன்? சித்திரையில் உங்கள் ஊர்க் குழாய் எல்லாமே வெந்நீர்க் குழாய்தானே! ஆபத்தும் அதில்தான். வெயிலில் கிடந்த பைப்பில் தேங்கிய முதல் தண்ணீர் சுட்டுவிடும். நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து ஆறவிடுங்கள்.

மார்கழிக்குத் தாராளமாகப் போடுங்கள். வெந்நீர் மட்டும் கொட்டுகிற குழாய் வேண்டாம், பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் மிக்சர் போடுங்கள். நாயின் உடம்புச் சூடே 38, 39 டிகிரிதான். தண்ணீர் அதைத் தாண்டக் கூடாது. கைக்குழந்தைக்குப் பார்ப்பதுபோல முழங்கையில் விட்டுப் பாருங்கள்.

கடலில் ஆடிவிட்டு வரும் நாய்க்கு மறுபடி எதற்குக் குளியல்?

கடல்நீரைப் பாத்தியில் காயவிட்டால் மரக்காணத்தில் என்ன விளைகிறது? அதேதான் ரோமத்துக்குள்ளும் விளையும். அரிப்பெடுத்து, சொறிந்து சொறிந்து புண்ணாகிவிடும், பாவம். வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். விரலிடுக்கில் மணல் இருக்கும், காதில் ஈரம் இருக்கும், இரண்டையும் துடைத்துவிடுங்கள்.

உப்பளம் மரக்காணத்திலேயே இருக்கட்டும்!