கந்தக பூமியில் வெந்நீர் ஊற்றுப் பயணத் திட்டமிடல்: ஒரு முன்னாய்வு

வைகாசி மதியம் இரண்டு மணிக்குச் சிவகாசியில் எந்த வீட்டுக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர் வரும். மொட்டை மாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து இறங்கும் அந்த நீருக்கு விறகு வேண்டாம், மின்சாரம் வேண்டாம், தலபுராணமும் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு குடும்பம் வெந்நீரில் குளிப்பதற்காகக் கடல் தாண்டத் திட்டமிடுவது ஏன் என்பதே இவ்வாய்வின் மூலக் கேள்வி. விடை கிடைக்கவில்லை. திட்டமிடல் குறித்த தரவுகள் மட்டும் மூட்டை மூட்டையாகக் கிடைத்தன.

ஆய்வுக் களம், காலண்டர் அச்சகம் நடத்தும் ஓர் அண்ணாச்சியின் வீட்டு முன்கூடம். ஆய்வுக்கு உட்பட்டோர்: அண்ணாச்சி, மதினி, அண்ணாச்சியின் தாயாரான ஆச்சி, பட்டாசு ஆலையில் கணக்கு எழுதும் மைத்துனர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். முதன்மை ஆவணங்கள், கிழித்த தினசரி காலண்டர் தாள்கள். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் பயணச் செலவுக் கணக்கு. சிவகாசியில் வேறு எந்தத் தாளிலும் யாரும் கணக்குப் போட்டதாகச் சான்றில்லை.

இடத்தேர்வு மூன்று இரவுகளை விழுங்கியது. இந்தியாவில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் உண்டு. தமிழ்நாட்டில்தான் பெயர் சொல்லி வண்டி பிடித்துப் போகும்படி ஒன்றுமில்லை. ஆச்சியின் ஓட்டு இமாசலத்தின் மணிகரணுக்கு. அங்கே அரிசியைத் துணியில் முடிந்து ஊற்றில் போட்டால் சோறாகிவிடும் என்று கேட்டதும், “கேஸ் மிச்சம்” என்றார். குளிர் என்ற ஒரு சொல்லில் மணிகரண் அடிபட்டது. மைத்துனர் பீகாரின் ராஜகிருகத்தை முன்மொழிந்தார். பிரம்மகுண்டத்தில் குளியல், மலைகளைச் சுற்றிச் சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கி எழுப்பிய, சுமார் 40 கிலோமீட்டர் நீளப் பழஞ்சுவர், பக்கத்திலேயே 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய நாளந்தா. வெந்நீரும் இடிபாடும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த ஊர் அரிது. ஆனால் போக வர நாலு நாள் ரயில், வேளாவேளைக்குச் சப்பாத்தி. மதினி வாய் திறக்கவே இல்லை, அதுவே தீர்ப்பாயிற்று.

மிஞ்சியது இலங்கையில் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா.

கன்னியாவில் ஏழு கிணறுகள். கிணறு என்றதும் கரிசல்காட்டு ஆழக் கிணற்றை நினைக்கக் கூடாது. சதுரமாகக் கட்டிய சின்னத் தொட்டிகள், எட்டிப் பார்த்தால் தரை தெரியும். இறங்கிக் குளிப்பதில்லை. வாளியில் மோந்து தலையில் ஊற்றிக்கொண்டு அடுத்த கிணற்றுக்கு நகர வேண்டும். ஏழும் ஒரே சூடில்லை என்பதுதான் விசேஷம். ஒன்றில் வெதுவெதுப்பு, இன்னொன்றில் தோள் சிலிர்க்கும் சூடு. எரிமலை எதுவும் காரணமில்லை. மழைநீர் பாறை வெடிப்பு வழியே ஆழத்துக்குப் போகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடும். சூடேறிய நீர் வேறொரு வெடிப்பு வழியே மேலே வருகிறது. புராணக் காரணம் இன்னும் சுருக்கம்: தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் ஏழு இடத்தில் நிலத்தைக் குத்தினான். குத்தியது வாளா சூலமா என்பதில் பாடபேதம் உண்டு. இன்றும் அங்கே ஈமக்கடன் செய்ய வருவார்கள் என்பதை மைத்துனர் வாசித்துத் தொலைத்தார்.

“கருமாதித் தண்ணியில குளிக்கவா இம்புட்டுத் தூரம் போறீக?” என்றார் ஆச்சி.

திட்டம் அத்துடன் பத்து நாள் கிடப்பில் கிடந்தது. (ஊற்று யாருக்கு உரியது என்பதில் உள்ளூர்த் தமிழர்களுக்கும் தொல்லியல் துறைக்கும் இடையிலான பிணக்கு நீதிமன்றம் வரை போனது, அது இந்தக் கட்டுரையின் சிரிப்புக்குள் அடங்கும் விஷயமில்லை.)

திட்டத்தை உயிர்ப்பித்தவை இடிபாடுகள். திருகோணமலையின் திருக்கோணேச்சரக் கோயிலைப் போர்த்துக்கீசியர் 1622இல் இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசல் கல்லில் இன்றும் இரட்டைக் கயல் இருக்கிறது. “நம்ம பாண்டியன் மீனுல்லா!” என்று அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். கடலடியில் கிடந்த கோயில் தூண்களை 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் முக்குளித்துப் பார்த்த கதை பிள்ளைகளை இழுத்தது. கன்னியாவிலிருந்து சிறிது தூரத்தில் வெல்கம் விகாரை என்ற பௌத்தப் பள்ளி. சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர், தமிழ்க் கல்வெட்டுகளும் உண்டு. அண்ணாச்சி அந்தக் கல்வெட்டின் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். “கல்லுல அடிச்சது ஆயிரம் வருசம் நிக்கி. நாம அடிக்கிறத மறுநா காலையில கிழிச்சுப் போட்டுருதான்” என்றார். இவ்வாய்வில் பதிவான ஒரே தத்துவக் கூற்று இது. மதினி அதைக் காதில் வாங்கவில்லை.

இனித் தேதி. ஆய்வாளர் பெருமூச்சு விட்ட இடம் இதுதான்.

பட்டாசு ஆலைக்காரருக்குத் தீபாவளி முடிந்த சில வாரமே ஓய்வு. காலண்டர்காரருக்கு ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியானதும் பிடிக்கும் ஓட்டம் தை பிறந்தால்தான் அடங்கும். ஆக, மைத்துனர் சும்மா இருக்கும்போது அண்ணாச்சிக்கு மூச்சுவிட நேரமில்லை. சரி, மைத்துனர் மட்டும் போகட்டும் என்றால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. மழைக்காலக் கடலில் அதை நிறுத்திவிடுவதுண்டு. தை, மாசியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கலில் ஊரை விட்டுக் கிளம்பினால் அம்மன் விடுவாள், சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள். மே மாதத்தில் பள்ளி விடுமுறை, அச்சகம் மந்தம், கப்பலும் ஓடும்; மைத்துனர் கூட லீவு சொல்லிவிடலாம். ஆச்சி கேட்டார்: “அக்னி நட்சத்திரத்துல வெந்நியா?”

பள்ளிக்கூடக் கணக்கில் இதை வெற்றுக் கணம் என்பார்கள்.

சுமைகள் பற்றியும் ஒரு குறிப்பு தேவை. சாத்தூர்ச் சேவு இரண்டு கிலோ என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா நாலு நாள் தாங்குமா என்பதில் எழுந்தது. கடுமையான சண்டை தீப்பெட்டிக்கு. கோணேசருக்குச் சூடம் ஏற்றத் தீப்பெட்டி வேண்டும் என்றார் ஆச்சி. பட்டாசோ தீப்பெட்டியோ பயணப் பெட்டியில் வரக் கூடாது என்றார் மைத்துனர். ரயிலில் ஆபத்தான பொருள் கொண்டுபோனால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறை என்பதும் அவருக்கு மனப்பாடம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரை போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த ஊர்க்காரர்கள், பக்கத்து நாட்டுப் பெட்டிக்கடையில் காசு கொடுத்துத் தீப்பெட்டி வாங்குவதா? ஆச்சிக்கு இன்னும் சமாதானமாகவில்லை.

இந்நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் அண்ணாச்சியும் மைத்துனரும் இரண்டு பைக்கில் அவர்களை ஏற்றிக்கொண்டு வெம்பக்கோட்டைக்குப் போனார்கள். வைப்பாற்றங்கரை விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 மார்ச்சில் அகழாய்வு தொடங்கி, சுடுமண் உருவங்களும் சங்கு வளையல்களும் கிடைத்த இடம். செய்தித்தாளில் படித்ததோடு சரி, இத்தனை நாளும் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. காலில் பானை ஓடு மிதிபட்டது. சின்னவள் ஒன்றை எடுத்துப் பைக்குள் போடப் பார்க்க, அண்ணாச்சி அதட்டி, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். மொத்தச் செலவு: பெட்ரோல், நாலு சர்பத்.

வீடு திரும்பும்போது மணி இரண்டரை. செம்மண் காலோடு பிள்ளைகள் முற்றத்துக் குழாயைத் திறந்தார்கள். வீல் என்று கத்திக்கொண்டு துள்ளினார்கள்.

உள்ளேயிருந்து ஆச்சியின் குரல் வந்தது: “ஏட்டி, அப்படியே ஒரு வாளி பிடிச்சு வையி. சாயங்காலம் நான் குளிச்சுக்கிடுதேன்.”